புதிதாக வந்த ஆசிரியருக்கு: பரீட்சை வைப்பதும் திருத்துவதும்

கல்வியியற் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, நியமனக் கடிதத்துடன் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் கடமையேற்றிருக்கிறீர்கள். நேரசூசி கைக்கு வந்து, பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதியத் தொடங்கும்போதே பகுதித் தலைவர் வந்து நிற்பார்: "அலகுப் பரீட்சை எப்ப வைக்கப் போறியள்?" பாடம் நடத்துவதற்கு உங்களுக்குப் பலர் பயிற்சி தந்திருப்பார்கள். வினாத்தாள் எழுதவும் விடைத்தாள் திருத்தவும் பக்கத்தில் இருந்து காட்டித் தந்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அந்த வேலைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நல்ல ஆசிரியரின் குணங்களைப் பற்றி ஆசிரியர் தின மேடைகளில் நிறையக் கேட்கிறோம். பொறுமை, நடுநிலை, பாட அறிவு, பிள்ளைகள்மேல் அக்கறை என்று பட்டியல் நீளும். அவை ஒருவரிடம் இருக்கின்றனவா என்று அறிய, அவர் எழுதிய வினாத்தாளையும் அவர் திருத்திய விடைத்தாள் ஒன்றையும் வாங்கிப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம். நான் விஞ்ஞானம் கற்பிப்பதால் உதாரணங்கள் அந்தப் பாடத்திலிருந்து வருகின்றன. மற்றப் பாடக்காரர் தங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எதைச் சோதிக்கப் போகிறீர்கள்?

உயர் வகுப்புகளில் தவணைப் பரீட்சை வினாத்தாள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். உயர்தர வகுப்புகளுக்கான தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை வடக்கில் அறியாதவர் இல்லை. அப்படியான இடத்தில் உங்கள் வேலை திருத்துவதும் அதற்குப் பிறகு வருவதும்தான். அலகுப் பரீட்சைகளும் கீழ் வகுப்பு வினாத்தாள்கள் பலவும் உங்கள் கையால் எழுதப்பட வேண்டியவை.

கடந்தகால வினாத்தாள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு அலகுக்கும் உரிய தேர்ச்சி மட்டம், கற்றற்பேறுகள், பாடவேளைகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு தவணையில் நான்கு அலகுகளை முறையே 12, 9, 6, 3 பாடவேளைகளில் கற்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30. அப்படியானால் 100 புள்ளி வினாத்தாளில் அவற்றுக்கு 40, 30, 20, 10 என்ற அளவில் இடம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? வினா எழுத இலகுவான அலகுக்கு 50 புள்ளி போய்விடும். மூன்று கிழமை உழைத்துக் கற்பித்த அலகிலிருந்து இரண்டு பல்தேர்வு வினாக்கள் மட்டும் வரும். அக்கறையோடு படித்த பிள்ளைக்கு அது செய்யும் அநியாயம் சிறியதல்ல.

அலகுகளையும் அவற்றுக்குரிய புள்ளிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் மூன்று நிரல்கள் கீறுங்கள்: ஞாபகத்தில் வைத்திருப்பது, விளங்கிக்கொண்டது, புதிய இடத்தில் பயன்படுத்துவது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் சிந்தனைத் திறனை இப்படி ஆறு படிகளாக வகுத்தார்கள். பயிற்சியில் அவற்றை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அலகுப் பரீட்சைக்கு மூன்று போதும். ஒவ்வொரு வினாவையும் இந்த நிரல்களில் ஒன்றில் குறியுங்கள். முதல் நிரல் நிரம்பி மூன்றாவது வெறுமையாக இருந்தால், வினாத்தாள் மனப்பாடத்தை மட்டுமே அளக்கிறது.

வினா எழுதுவது

எங்கள் ஊரில் பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் ரியூசனுக்குப் போகிறார்கள். கடந்தகால வினாக்கள் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. அதே வினாவை நீங்களும் எடுத்துப் போட்டால், யாருக்கு விளங்கியது, யார் அந்த விடையை முன்பே எழுதிப் பழகினார் என்று பிரித்து அறிய முடியாது. ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளை இரண்டு முறை தோற்கிறது. சூழலை மாற்றுங்கள், எண்களை மாற்றுங்கள். ஊரிலிருந்து வினா எடுப்பது இன்னும் நல்லது.

நீரின் வன்மை, அதாவது சவர்க்காரம் நுரைப்பதைத் தடுக்கும் கல்சியம் போன்றவற்றின் உப்புகள் நீரில் கரைந்திருப்பது பற்றிக் கற்பித்திருக்கிறீர்கள். "வன்னீர் என்றால் என்ன?" என்று கேட்கலாம். கொப்பியில் எழுதிக் கொடுத்த வசனம் அப்படியே திரும்பி வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"கோண்டாவிலில் ஒரு வீட்டில் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு காணப்பட்டது. மழைநீரை மட்டும் கொதிக்க வைத்த கேத்திலில் அது காணப்படவில்லை. (அ) அப்படிவில் பெரும்பாலும் இருக்கக்கூடிய சேர்வை எது? (ஆ) மழைநீரில் அது தோன்றாமைக்குக் காரணம் என்ன? (இ) வினாகிரி ஊற்றினால் படிவு நீங்குவது ஏன்?"

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது கல்சியம் உப்புகள் கரைந்து கிணற்றுக்கு வருகின்றன. பிள்ளை தன் வீட்டுக் குசினியில் தினமும் பார்க்கும் பொருள் இது. எந்த ரியூசன் தாளிலும் இந்த வினா இராது. பாடம் விளங்கிய பிள்ளைக்கோ இது கடினமும் அல்ல.

பல்தேர்வு வினாவில் கவனிக்க வேண்டியவை வேறு. சாதாரண தர விஞ்ஞானத்தில் 40 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள். ஒன்றுமே படிக்காத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கீறினாலும் சராசரியாக 10 சரியாக வரும். ஆகவே 40க்கு 12 எடுத்த பிள்ளைக்கு 'கொஞ்சம் தெரியும்' என்று எண்ணி ஆறுதல் அடைய வேண்டாம். பிழையான விடைகளை ஏனோதானோ என்று எழுதாதீர்கள். கற்பிக்கும்போது பிள்ளைகள் வழமையாகச் சொல்லும் பிழைகளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அவைதான் நல்ல பிழை விடைகள். பிள்ளை எந்தப் பிழையைத் தெரிவு செய்தது என்பதிலிருந்தே அதன் சிந்தனை எங்கே திரும்பியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். எல்லா விடைகளையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் எழுதுங்கள்.

மொழி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "பின்வருவனவற்றுள் தவறானது அல்லாதது எது?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விஞ்ஞானத்தைச் சோதிக்கவில்லை, பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கிறது. "அல்லாதது" என்று கேட்டே ஆக வேண்டுமென்றால் அந்தச் சொல்லின் கீழே கோடு போடுங்கள். "விளக்குக" என்பதற்கும் "குறிப்பிடுக" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சைக்கு முன்பே வகுப்பில் சொல்லிக் கொடுங்கள். எழுதி முடித்ததும் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நீங்களே வினாத்தாளுக்கு விடை எழுதுங்கள். உங்களுக்கு 20 நிமிடம் எடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். இதைச் செய்யாமல் வினாத்தாளைப் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

புள்ளியிடும் திட்டம்

வினாத்தாளுடன் சேர்த்து அன்றைக்கே எழுத வேண்டியது இது. "எனக்குத்தான் விடை தெரியுமே" என்று விட்டுவிடுவது வழமை. டானியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1912இலும் 1913இலும் ஒரே விடைத்தாளின் பிரதிகளைப் பல பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முதலில் ஆங்கில விடைத்தாளிலும் பிறகு கேத்திரகணித விடைத்தாளிலும் புள்ளிகள் மிகப் பெரிய அளவில் வேறுபட்டன. ஒரே தாளுக்கு ஒருவர் சித்தி கொடுக்க, இன்னொருவர் சித்தி கொடுக்கவில்லை. கணிதத்தில்கூட! வழிமுறைக்கு எத்தனை, விடைக்கு எத்தனை, துப்புரவுக்கு எத்தனை என்று முன்கூட்டித் தீர்மானிக்காவிட்டால் அப்படித்தான் ஆகும்.

மேலே சொன்ன கேத்தில் வினாவுக்கு 5 புள்ளி. (அ) கல்சியம் காபனேற்று: 1. (ஆ) மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடாகச் செல்லவில்லை: 1, ஆகவே அதில் கரைந்த கல்சியம் உப்புகள் இல்லை அல்லது மிகக் குறைவு: 1. (இ) வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் காபனேற்றுடன் தாக்கமடையும்: 1, கரையும் உப்பு உண்டாகும் அல்லது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும்: 1.

சரி, ஒரு பிள்ளை (அ)வுக்குச் "சுண்ணாம்பு" என்று எழுதுகிறது. கொடுப்பதா, விடுவதா? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரசாயனத்தில் சுண்ணாம்பு என்பது கல்சியம் ஒட்சைட்டு அல்லது ஐதரொட்சைட்டு. அது வேறு சேர்வை. "சேர்வை எது?" என்று கேட்டிருப்பதால் நான் புள்ளி கொடுக்க மாட்டேன். "சுண்ணாம்புக்கல்" என்று எழுதினால் கொடுப்பேன். நீங்கள் வேறு மாதிரித் தீர்மானிக்கலாம். ஆனால் முதல் தாளைத் திருத்துவதற்கு முன் தீர்மானித்து, திட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஒன்பதாவது தாளில் கொடுத்து, இருபதாவது தாளில் மறுக்கக்கூடாது. இன்னொன்று: (அ)வில் பிழைவிட்ட பிள்ளை அதே பிழையின் அடிப்படையில் (இ)யில் சரியாக நியாயம் காட்டியிருந்தால் அங்கே மீண்டும் வெட்டாதீர்கள். ஒரு பிழைக்கு ஒரு முறைதான் புள்ளி குறைய வேண்டும்.

பரீட்சைத் திணைக்களம் பொதுப் பரீட்சைகளுக்கான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே இடறினார்கள், விடைக்கு எப்படிப் புள்ளி பிரிக்கப்பட்டது என்று அவற்றில் காணலாம். உங்கள் பாடத்துக்குரிய ஒன்றைத் தேடி எடுத்து ஒரு முறை முழுதாக வாசியுங்கள். திட்டம் எழுதப் பழகுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பரீட்சை நாள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. திகதி குறிக்கும்போது ஊரையும் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் மறுநாள் பரீட்சை வைத்தால் பாதி வகுப்பு நித்திரைத் தூக்கத்தில் இருக்கும். மாரி காலத்தில் சில வகுப்பறைகள் காலையிலேயே இருட்டாக இருக்கும். பின்வரிசைப் பிள்ளைக்கு எழுத்துத் தெரிகிறதா என்று நீங்களே போய் இருந்து பாருங்கள். தீவகத்துப் பாடசாலையில் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள்தான் என்றால், எழுத்துப் பரீட்சையுடன் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்மொழியாகவும் கேளுங்கள். அது பெரிய பாடசாலை ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி.

திருத்துவது

ஒரு பிள்ளையின் தாளை முதலிலிருந்து கடைசி வரை திருத்திவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகாதீர்கள். எல்லாப் பிள்ளைகளினதும் முதலாம் வினாவைத் திருத்துங்கள், பிறகு எல்லோருடைய இரண்டாம் வினாவையும். முதல் வினாவுக்கு அழகாக எழுதிய பிள்ளையின் இரண்டாம் வினாவையும் நல்லது என்று நினைத்துக்கொண்டே வாசிப்பது மனித இயல்பு. வினாவாரியாகத் திருத்தினால் அந்த மயக்கம் குறையும். ஒவ்வொரு வினா முடிந்ததும் தாள்கட்டைக் குலைத்து ஒழுங்கை மாற்றுங்கள். இல்லாவிட்டால் களைத்த நேரத்தில் திருத்தப்படுவது எப்போதும் அதே கடைசிப் பத்துப் பிள்ளைகளின் தாள்களாகவே இருக்கும். பெயர் இருக்கும் மூலையை மடித்து வைக்கலாம். எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்தான், ஆனாலும் மடியுங்கள்.

நன்னூல் நல்லாசிரியருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நிறைகோல். ஐயம் இல்லாதபடி அளவைக் காட்டுவதும், இரண்டு பக்கமும் சாயாமல் நடுநிற்பதும் அதன் குணங்கள். விடைத்தாள் திருத்தும் மேசையில் இந்த இரண்டும்தான் வேண்டும். குழப்படிகாரப் பையன் என்பதற்காக அரைப் புள்ளி குறைவதும், சக ஆசிரியரின் மகள் என்பதற்காக அரைப் புள்ளி கூடுவதும் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். இடைவேளையில் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு உடையும் நம்பிக்கை அந்த வருடம் முழுக்கத் திரும்பி வராது.

கையெழுத்துக்காகப் புள்ளி வெட்டுவது மொழிப் பாடத்தில் வேறு கதை. விஞ்ஞானத்தில் வாசிக்க முடிந்தால் போதும்.

வினாக்களுக்கும் புள்ளி போடுங்கள்

புதிய ஆசிரியர்களில் பலர் இந்தப் படியைச் செய்வதில்லை. ஆனால் ஒரு பின்னேரம் போதும். வகுப்பில் 36 பேர் என்றால் மொத்தப் புள்ளி அடிப்படையில் மேலே உள்ள 12 பேரையும் கீழே உள்ள 12 பேரையும் பிரித்தெடுங்கள். ஒரு வினாவை எடுத்து, மேல் அணியில் எத்தனை பேர் சரி, கீழ் அணியில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். 10 பேரும் 4 பேரும் என்றால் இரண்டையும் கூட்டி 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.58, வினா நடுத்தரமான கடினம். வித்தியாசத்தை 12ஆல் வகுத்தால் 0.5, தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் அது நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது.

இன்னொரு வினாவில் மேல் அணியில் 5 பேர், கீழ் அணியில் 7 பேர் சரி என்று வைத்துக்கொள்வோம். படித்த பிள்ளைகள் பிழைவிட, படிக்காத பிள்ளைகள் சரியாக எழுதியிருக்கிறார்கள். அப்படி வந்தால் முதலில் உங்கள் விடையைச் சரிபாருங்கள், பிறகு வினாவின் வசனத்தை. கெட்டிக்காரப் பிள்ளைகள் நீங்கள் யோசிக்காத ஒரு பொருளை அதில் கண்டிருப்பார்கள். அப்படியானால் அந்த வினாவை நீக்கிவிட்டு எல்லோருக்கும் புள்ளியைத் திரும்பக் கணக்கிடுங்கள். அதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மரியாதை குறையும் என்ற பயம் வேண்டாம்.

இரண்டு அணியிலும் ஒருவருமே சரியாக எழுதாத வினா வந்தால் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். 36 பேரும் ஒரே இடத்தில் விழுந்தால் அது பாடம் நடந்த விதத்தைக் காட்டுகிறது.

தாளைத் திருப்பிக் கொடுப்பது

ஒரு கிழமைக்குள் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். புள்ளிகளைச் சத்தமாக வாசித்துக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பாடசாலைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடராதீர்கள். தாளை மடித்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். புள்ளி குறைந்ததற்கு அடிப்பதும் முட்டுக்காலில் நிறுத்துவதும் தண்டனை பற்றிய கல்வி அமைச்சின் சுற்றறிக்கைக்கு மாறானவை. அதைவிட முக்கியமானது, அடி வாங்கிய பிள்ளைக்கு அந்த வினா முன்பு விளங்காதது போலவே பின்பும் விளங்காது.

1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பாடசாலைப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வு ஒன்று ஆசிரியர்களிடையே அடிக்கடி பேசப்படுவது. ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்ற பிள்ளைகள் புள்ளியைப் பார்த்தார்கள், குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. தவணைப் பரீட்சையில் புள்ளி இல்லாமல் கொடுக்க எங்களால் முடியாது. அலகுப் பரீட்சையில் முடியும். முதல் நாள் குறிப்புகளுடன் மட்டும் தாளைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். புள்ளியை அடுத்த பாடவேளையில் சொல்லுங்கள். "ரீச்சர், எத்தனை ரீச்சர்?" என்று நச்சரிப்பார்கள். அசையாதீர்கள்.

குறிப்பு எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. "கவனம் போதாது", "இன்னும் முயற்சி வேண்டும்" என்ற வசனங்களால் பிள்ளைக்குப் பயன் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "(ஆ)வில் மழைநீர் சுத்தமானது என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பொருள் இல்லாததால் படிவு வரவில்லை என்று ஒரு வரி சேர்." 36 பேருக்கும் எல்லா வினாவுக்கும் இப்படி எழுத நேரம் கிடைக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு வினா, ஒரு குறிப்பு என்று வையுங்கள்.

பெற்றோர் வரும் நாள்

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் வரும் முதல் கேள்வி, "எங்கட பிள்ளை எத்தினையாம் பிள்ளை?" என்பது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து வெட்டுப்புள்ளியையே பார்த்துப் பழகிய பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணிதத்தில் 48ம் தமிழில் 62ம் எடுத்த பிள்ளையைக் கணிதத்தில் மோசம் என்று தகப்பன் திட்டுவார். கணிதத்தில் வகுப்பின் சராசரி 35, தமிழில் 70 என்று நீங்கள் சொன்னால் கதை மாறும்: அந்தப் பிள்ளை கணிதத்தில் வகுப்பைவிட முன்னே நிற்கிறது, தமிழில்தான் பின்னே. ஆகவே பாடச் சராசரியைக் கையோடு வைத்திருங்கள். அத்துடன் பிள்ளையின் தாள் ஒன்றை விரித்து, "இந்த இடம் நன்றாக விளங்கியிருக்கிறது, இந்த இடத்தில் தடக்குப்படுகிறது" என்று தொட்டுக் காட்டுங்கள். கூலிவேலையை விட்டுவிட்டு வந்த தாய்க்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு விடயம் சொல்லி அனுப்புங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்டால் சொல்ல வேண்டாம்.

இனி அடுத்த அலகு தொடங்கும். அதற்கிடையில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பிழைவிட்ட இரண்டு வினாக்களை எடுத்து, அந்தப் பகுதியை வேறு வழியில் மீண்டும் கற்பியுங்கள். முதல் முறை கரும்பலகையில் விளக்கினீர்கள் என்றால் இந்த முறை ஒரு போத்தல் கிணற்று நீர், ஒரு போத்தல் மழைநீர், ஒரு துண்டுச் சவர்க்காரம் கொண்டுபோய் எதில் நுரை வருகிறது என்று பிள்ளைகளையே பார்க்க விடுங்கள். இரண்டு கிழமை கழித்து அதே விடயத்தைச் சோதிக்கும் இரண்டு புதிய வினாக்களைப் பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் புள்ளியை இடாப்பில் ஏற்ற வேண்டாம். இந்த முறையும் பாதிப் பேருக்கு வரவில்லை என்றால் பாடத்திட்டம் பிந்தினாலும் பரவாயில்லை, மூன்றாவது வழியை யோசியுங்கள். பகுதித் தலைவர் கேட்டால் அந்தத் தாள்களைக் காட்டுங்கள்.